ஐந்தாவது வலது கை

மூன்று மாதமாக என் வீட்டில் எனக்கு அரை டம்ளர் காபிதான் கிடைத்துக்கொண்டிருந்தது. காபி விளைகிற மலையில் உட்கார்ந்துகொண்டு, ஜன்னலைத் திறந்தால் காபிச் செடி தெரிகிற வீட்டில், அரை டம்ளர். ஒருநாள் இரண்டு நாள் என்றால் பால் திரிந்துவிட்டது என்று விட்டுவிடலாம். இது காலையும் மாலையும், கோடு கிழித்து ஊற்றியதுபோல அதே அளவு. கேட்டால் என் மனைவி சிவசக்தி, "குடிச்சுட்டுக் கேளுங்க, இன்னும் ஊத்தறேன்" என்பாள். கேட்டால் இன்னொரு அரை டம்ளர் வரும். ஒரு டம்ளர் காபிக்கு மனுஷன் இரண்டு தடவை வாயைத் திறக்க வேண்டும் என்றால் பற்றிக்கொண்டு வராதா?

காபியோடு நின்றிருந்தால்கூடச் சும்மா இருந்திருப்பேன். நவம்பரில் என் சட்டைகளை எல்லாம் அள்ளிக்கொண்டு போய்ப் பித்தான்களைப் பிடுங்கிவிட்டு, அமுக்கினால் ஒட்டிக்கொள்ளும் பிரஸ் பட்டன் வைத்துத் தைத்துக்கொண்டு வந்தாள். நன்றாக இருந்த பித்தானுக்கு என்ன கேடு என்று கேட்டேன். "இதுதானுங்க இப்ப ஃபேஷன்" என்றாள். நாற்பத்தேழு வயதில் எனக்கு என்ன ஃபேஷன்? அப்புறம் ரசத்தை நிறுத்தினாள். சாப்பிட்டு முடித்து உள்ளங்கையைக் குழித்து ஒரு கை ரசம் வாங்கிக் குடிக்காவிட்டால் எனக்குச் சாப்பிட்ட மாதிரியே இருக்காது. அது அவளுக்குத் தெரியும். தெரிந்தும் கெட்டிக் குழம்பும் பொரியலும்தான். ஏதோ கோபம், எதற்கென்று தெரியவில்லை, கேட்கவும் பயமாக இருந்தது.

பயத்துக்குக் காரணம் உண்டு. நானே ஒன்றை அவளிடம் மறைத்துக்கொண்டிருந்தேன். என் வலது கை நடுங்க ஆரம்பித்திருந்தது.

என் பெயர் தங்கராஜ். சேலத்தில் ஒரு பல் லேபில் பதினெட்டு வருடம் பல் செட் செய்தவன். மெழுகில் கடைவாய்ப் பல்லைச் செதுக்கி, அதன் பள்ளம் மேடு எல்லாம் கொண்டுவருவது என் வேலை. சிவசக்திக்கு ஏற்காட்டில் ஒரு லாட்ஜில் சமையல் வேலை கிடைத்ததும் இங்கே வந்துவிட்டோம். நான் வாரத்துக்கு மூன்று நாள் பஸ்ஸில் கீழே போய் வந்துகொண்டிருந்தேன். அக்டோபரில், கையில் இருந்த செதுக்குக் கரண்டி தானாக ஆட ஆரம்பித்த அன்றைக்கு, பஸ்ஸில் முதுகு வலிக்கிறது என்று முதலாளியிடம் சொல்லிவிட்டு நின்றுவிட்டேன். வீட்டிலும் அதே முதுகுவலிதான். பொய்யை ஒரே மாதிரி சொல்வது வசதி.

பொம்மை வேலை அதற்கு ஒரு வருடம் முன்பே வந்து சேர்ந்தது. லாட்ஜுக்கு பெங்களூரிலிருந்து நாலைந்து பேர் வந்து தங்கி, மேஜை மேல் பாசியும் பாறையும் பரப்பி, ஒரு அங்குல உயரப் பிளாஸ்டிக் சிப்பாய்களை நிறுத்திவைத்து, இன்ச் டேப்பால் அளந்து, பகடை உருட்டிச் சண்டை போட்டிருக்கிறார்கள். வருகிற நூற்றாண்டுகளில் வேறு கிரகத்தில் நடக்கப்போகிற சண்டையாம். அதில் ஒரு சிப்பாயின் கால் ஒடிந்துவிட்டது. "எங்க ஊட்டுக்காரரு ஒட்டித் தருவாருங்க, பல்லு செய்யறவரு" என்று இவள் வாங்கி வந்தாள். ஒட்டியதோடு விடாமல், போகட்டும் என்று உடைந்த முழங்கால் கவசத்தையும் புதிதாகச் செதுக்கிக் கொடுத்தேன். அந்தப் பொம்மைக்காரர் பெயர் பிரகாஷ், கம்ப்யூட்டர் கம்பெனியில் வேலை. அடுத்த மாதம் முப்பது சிப்பாய்கள் பெட்டியில் வந்து இறங்கினார்கள்.

வர்ணம் அடித்துத் தருவது மட்டும் வேலையில்லை. ஆளை மாற்றவும் வேண்டும். ஒருவன் தலையை வெட்டி இன்னொருவன் கழுத்தில் வைக்க வேண்டும். நிற்கிறவனை இடுப்பில் அறுத்து மண்டியிட வைக்க வேண்டும். வெட்டிய கை, கால், தலையை எல்லாம் தூக்கி எறியக்கூடாது, எப்போதாவது உதவும். ஊசி நூல் போடுகிற அறைப்பெட்டியில் வலது கை ஓர் அறை, இடது கை ஓர் அறை, தலைகள் ஓர் அறை என்று பிரித்துவைத்திருந்தேன். முதன்முதலில் அதைத் திறந்து பார்த்த சிவசக்தி, "ஏனுங்க, இத்தன கைகாலு எதுக்குங்க, கோயில்ல வெக்கறதாட்டம்?" என்றாள். நான் சிரித்துவிட்டு மறந்துவிட்டேன்.

முப்பது பேரில் கேப்டன்தான் முக்கியம். ஒரு ஞாயிற்றுக்கிழமை பெங்களூரில் நடக்கவிருந்த பொம்மைப் போட்டிக்குப் போக வேண்டியது அது. கீழே ஒரு சிப்பாய் அடிபட்டுக் கிடக்கிறான், கையை மேலே தூக்கியிருக்கிறான். கேப்டன் துப்பாக்கியை எறிந்துவிட்டு அவனைத் தூக்கிவிட வெறுங்கையை நீட்டுகிறார். இதுதான் பிரகாஷ் கேட்டது. கடையில் வருகிற கை எல்லாம் துப்பாக்கியோடு சேர்த்தே வார்த்தது. வெறுங்கை கிடையாது. அதனால் பிசைந்தால் இறுகுகிற களிம்பில் நானே செய்தேன். ஒரு நெல் நீள வலது கை, அதில் ஐந்து விரல், சுண்டுவிரல் மட்டும் கொஞ்சம் தனியாக விலகி நிற்கும். செப்டம்பரில், நடுக்கம் வருவதற்கு முன் செய்தது. ஏழு தடவை கெட்டு எட்டாவது தடவை வந்தது. நானே செய்ததுதானா என்று எடுத்து எடுத்துப் பார்த்துக்கொண்டிருந்தேன், அப்படி ஒரு கை.

உடம்போடு ஒட்டிவிட்டால் உள்பக்கம் பிரஷ் போகாது என்பதால் அதைத் தனியாகவே வர்ணம் அடித்து, தோள்பக்கத்துக் கம்பியைத் தெர்மாகோலில் குத்திவைத்திருந்தேன். மற்றவர்களை எல்லாம் மணிக்கட்டை மேஜை விளிம்பில் அழுத்திப் பிடித்து, மூச்சை நிறுத்தி, எப்படியோ முடித்துவிட்டேன். கடைசி வேலை இந்தக் கையை ஒட்டி, மேலே வார்னிஷ் அடிப்பது. இதைச் சரியாக ஒட்டி அனுப்பிவிட்டால் என் கைக்கு ஒன்றுமில்லை என்று ஆகிவிடும், லேபுக்கும் திரும்பிப் போகலாம். ஒட்ட முடியாவிட்டால் என்ன என்பதை நான் யோசிக்கவே இல்லை.

இந்த நேரத்தில்தான் கைகள் காணாமல் போயின. டிசம்பர் முதல் வாரம் அறைப்பெட்டியில் எண்ணிப் பார்த்தபோது வலது கை ஒன்று குறைந்தது. அடுத்த வாரம் இரண்டு. அதற்கடுத்து மூன்று, அப்புறம் நான்கு. இடது கை எல்லாம் அப்படியே இருந்தன. தலைகளும் கால்களும் அப்படியே. எலி என்று முதலில் நினைத்தேன். எலி வலது கையாகப் பார்த்துப் பொறுக்கித் தின்னுமா? என் கைதான் நடுங்கித் தட்டிவிட்டதோ என்று தரையைப் பெருக்கித் தேடினேன். எனக்குப் புத்தி பிசகுகிறதோ என்றுகூட ஒரு காலை நேரம் பயந்து போனேன். கை போகிறது, கூடவே மண்டையும் போகிறது என்றால் என்ன செய்வது?

போட்டிக்கு முந்தின வெள்ளிக்கிழமை பதினோரு மணி வரை பனிமூட்டம் விலகவில்லை. பனியில் வார்னிஷ் அடித்தால் வெள்ளை பூத்துப் பொம்மை கெட்டுவிடும் என்பதால் வெயிலுக்குக் காத்திருந்தேன். வெயில் லேசாக முகம் காட்டியதும் கேப்டனை எடுத்துவைத்துக்கொண்டு கைக்காகத் திரும்பினேன். தெர்மாகோலில் கம்பி குத்தியிருந்த ஓட்டை இருந்தது, கை இல்லை.

மேஜையைத் திருப்பினேன். பாயை உதறினேன். குப்பைக்கூடையைத் தரையில் கொட்டினேன். எங்கும் இல்லை. சிவசக்தி காலையிலேயே லாட்ஜுக்குப் போய்விட்டாள். போன் அடித்தால் எடுக்கவில்லை. இந்த வீட்டுக்கு நேற்று வந்த ஒரே ஆள் சாதிக் பாஷா. பஜாரில் ஹார்டுவேர் கடை வைத்திருப்பவர். தின்னர் கொடுக்க வந்தவர் அந்தக் கையைக் கண்ணாடிக்கடியில் வைத்துப் பத்து நிமிஷம் பார்த்து, "அண்ணா, ரேகை கூட இருக்குதுங்களே" என்றார். அப்போது இனித்தது. இப்போது அதுவே சந்தேகமாகிவிட்டது. கோபம் வந்தால் எனக்கு முன்பின் பார்க்கத் தெரியாது, நேரே பஜாருக்கு நடந்தேன்.

அவர் தொழுகைக்குக் கிளம்பிக் கடையின் ஷட்டரைப் பாதி இறக்கியிருந்தார்.

"பாய், கையைக் குடுங்க" என்றேன்.

அவர் கை குலுக்க நீட்டினார்.

"இந்தக் கையில்ல. கேப்டன் கை. நேத்து பாத்தீங்களே, அது."

"அது உங்க ஊட்டுலதானே இருக்குதுங்க?"

"இல்ல. நாலு வாரமா ஒண்ணொண்ணா வலது கை காணாமப் போவுது. இன்னைக்கு அதுவும் போச்சு. ஞாயித்துக்கெழம போட்டி. வெளையாட்டுக்கு எடுத்திருந்தீங்கன்னா குடுத்துருங்க."

சாதிக் பாஷா ஷட்டரிலிருந்து கையை எடுத்தார். கோபப்படவில்லை. கோபப்பட்டிருந்தால் எனக்குத் தெம்பாக இருந்திருக்கும்.

"நான் எடுக்கலீங்கண்ணா" என்றார். "ஆனா ஒண்ணு கேக்கறேன், தப்பா நெனைக்காதீங்க. அக்கா வெள்ளிக்கெழம வெள்ளிக்கெழம இந்நேரத்துக்கு வெள்ளக்கடை ஊருக்குப் போற ஜீப்புல ஏறிப் போறாங்களே, எதுக்குன்னு உங்களுக்குத் தெரியுங்களா?"

எனக்குத் தெரியாது. லாட்ஜில் இருக்கிறாள் என்றுதான் நினைத்துக்கொண்டிருந்தேன்.

"முனியப்பன் கோயில் வளைவுல எறங்கறாங்க. நாலு வாரமா பாக்கறேன். இன்னைக்கும் போனாங்க." ஷட்டரை முழுசாக இறக்கிப் பூட்டினார். "தொழுவ இன்னும் அரை மணி இருக்குது. வாங்க, கொண்டுபோய் உடறேன். வண்டிய நானே ஓட்டறேன்."

என்னிடம் வண்டி இருக்கிறது. இரண்டு மாதமாக அதை எடுக்காமல், கார்புரேட்டர் கோளாறு என்று சொல்லிவந்தேன். ஹார்டுவேர் கடைக்காரர், மெக்கானிக் யாரென்று தெரிந்தவர், ஒரு தடவைகூட ரிப்பேருக்கு விடுங்கள் என்று அவர் சொன்னதில்லை. அது ஏன் என்று அவர் முதுகுக்குப் பின்னால் உட்கார்ந்து போகும்போதுதான் தோன்றியது. இவருக்கு என் கை விஷயம் தெரியுமோ?

முனியப்பன் கோயிலில் கூரை கிடையாது. பலாமரத்தடியில் மீசையும் முட்டைக்கண்ணுமாகச் சாமி உட்கார்ந்திருப்பார். சுற்றிலும் உருவாரம். உடம்பில் எது கெட்டதோ அதை மண்ணில் செய்து சாமிக்கு வைத்து வேண்டிக்கொள்வது எங்கள் பக்கத்து வழக்கம். கால் ஒடிந்தவர் வீட்டார் மண்கால் வைப்பார்கள், பிள்ளை வேண்டுவோர் மண்தொட்டில் வைப்பார்கள். சிவசக்தி செருப்பைக் கழற்றிவிட்டு, என் பக்கம் முதுகைக் காட்டி நின்றிருந்தாள். பூசாரி அம்மாசி கற்பூரம் தேடிக்கொண்டிருந்தார்.

சாமியின் காலடியில், ஒரு பெரிய மண்காலுக்குப் பக்கத்தில், எலுமிச்சை அளவுக்கு ஒரு சந்தன உருண்டை. அதில் என் கைகள் குத்தி நின்றன. காய்ந்து வெடித்த சந்தனத்தில் துப்பாக்கி பிடித்த நான்கு கைகள். புதிதாக அப்பிய ஈரச் சந்தனத்தில் ஐந்தாவது, விரல் விரித்து, குங்குமம் வைத்து, கேப்டனின் கை.

"சிவசக்தி" என்றேன்.

திரும்பிப் பார்த்தவள் முகம் வெளுத்துவிட்டது. சாதிக் பாஷா வண்டியை ஓரங்கட்டுகிற சாக்கில் ரோட்டுக்குப் போய்விட்டார்.

"என்ன வேல பண்ணி வெச்சிருக்கற? இது என்ன கூத்து?"

"கத்தாதீங்க. சாமி முன்னால."

"நான் எலி புடிக்கப் பொறி வெச்சேன். பாயைத் திருடன்னு கேட்டுட்டு வந்து நிக்கறேன். எதுக்கு இதெல்லாம்?"

அவள் என் வலது கையைப் பார்த்தாள். நான் அதைப் பேண்ட்டுப் பையில் திணித்திருந்தேன். மூன்று மாதமாக அதை எங்கேயாவது திணித்துத்தான் வைத்திருக்கிறேன்.

"உங்களுக்குத்தாங்க" என்றாள். "டம்ளர் சிந்துதுன்னு பாதி ஊத்தறேன். பட்டன் போட முடியாம கண்ணாடி முன்னால நின்னுட்டு இருந்தீங்க, பாத்தேன். ரசம் வாங்கினா கையில நிக்கறதில்ல. நீங்களா சொல்லுவீங்கன்னு காத்துட்டு இருந்தேன். நீங்க முதுகு முதுகுன்னு சொல்லிட்டே இருந்தீங்க."

நான் பையில் இருந்த கையை இன்னும் உள்ளே தள்ளினேன்.

"மண்ணுக்கை சொல்லி வெச்சா யாருக்குன்னு கேப்பாங்க. ஊருக்குத் தெரியக்கூடாதுன்னுதானே நீங்க மறைக்கறீங்க. அதான் உங்க பொட்டியில இருந்து எடுத்தேன். வேண்டாம்னு வெட்டிப் போட்டதுதானே, ஒரு கை போனா என்னன்னு."

"அதுக்குத் தெர்மாகோல்ல இருந்ததை எதுக்கு எடுத்த?"

"அஞ்சு வாரம் வேண்டுதலுங்க. நாலு வாரம் ஆச்சு, கொஞ்சங்கூடக் கொறையல. நேத்துத்தான் ஒறச்சுது. நாலும் துப்பாக்கி புடிச்ச கை. சண்டைக்குப் போற கையைக் கொண்டுவந்து வெச்சா சாமி அதை உங்க கைன்னு எப்படி நெனைக்கும்? அது ஒண்ணுதான் வெறுங்கை. உங்க கையாட்டமே இருந்துச்சு. இருக்கறதுல நல்லதாப் பாத்துக் குடுக்கோணுமில்லீங்களா."

"அந்தக் கையை என்னால இனிமேல் செய்ய முடியாது" என்றேன். நான் அதை வாய்விட்டுச் சொன்னது அதுதான் முதல் தடவை. எனக்கே கேட்டது.

சிவசக்திக்குச் சட்டென்று புரியவில்லை. புரிந்ததும் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள். "ஐயோ சாமி, நீங்க செஞ்சதா அது? நானும் பொட்டியில வந்ததுன்னே நெனச்சுட்டேனுங்க."

அது என் தப்பு. செய்ததை அவளிடம் நான் காட்டவே இல்லை. செப்டம்பரில் முடித்த உடனே போட்டோ எடுத்துப் பிரகாஷுக்கு அனுப்பினேன், நேற்றுச் சாதிக் பாஷாவிடம் காட்டினேன். வீட்டில் இருக்கிறவளுக்கு இதெல்லாம் என்ன தெரியும் என்று விட்டுவிட்டேன். அதை நினைத்தபோது வெட்கமாக இருந்தது.

அம்மாசி பூசாரி கற்பூரத்தைக் கண்டுபிடித்துவிட்டு எங்கள் இருவரையும் மாறி மாறிப் பார்த்தார். "அந்த நாலும் துப்பாக்கியா?" என்றார். "எஸ்டேட்ல மருந்தடிக்கற பம்புன்னு நெனச்சேன். யாரோ பம்படிக்கறவனுக்குக் கை வெளங்கலையாட்டம் இருக்குதுன்னு நானும் சேத்து வேண்டிக்கிட்டேன். சரி, அந்தக் கை உங்களுக்கு வேணுமா சாமி? வேணும்னா எடுத்துக்குங்க. குடுத்த மனசு போதும், முனியப்பன் ஒண்ணும் கேக்க மாட்டாரு."

எடுத்துக்கொள்ளத்தான் வந்தேன். குனிந்து, பையிலிருந்து கையை எடுத்து நீட்டினேன். அது ஆடியது. மணிக்கட்டை அழுத்த அங்கே மேஜை விளிம்பு இல்லை. நெல் நீளக் கையைச் சந்தனத்திலிருந்து விரல் ஒடியாமல் உருவ வேண்டும். என் விரல்கள் அதைச் சுற்றி ஆடினவே தவிர அதைத் தொடவில்லை. பூசாரி பார்த்துக்கொண்டிருந்தார், அவள் பார்த்துக்கொண்டிருந்தாள், ரோட்டிலிருந்து சாதிக் பாஷாவும் பார்த்துக்கொண்டிருந்தார். தெர்மாகோலில் இருந்திருந்தாலும் இன்றைக்கு இதே கதைதான், என்னால் ஒட்டியிருக்க முடியாது. அது எனக்கு அங்கே, குனிந்தபடியே தெரிந்தது.

"இருக்கட்டும்" என்று நிமிர்ந்தேன். "அது வெச்ச எடத்துலயே இருக்கட்டும்."

அழுகை வந்தது. அழுதேன். அதற்கு மேல் மறைக்க என்ன இருக்கிறது?

பூசாரி திருநீறு கொடுத்தார். வலது கையை நீட்டினேன். கை ஆடி, திருநீறு விரலிடுக்கில் கொட்டியது. சிவசக்தி தன் உள்ளங்கையை என் கைக்கு அடியில் கொண்டுவந்து தாங்கிக்கொண்டாள். அவர் மறுபடி போட்டார். துப்பாக்கிக் கைகள் நான்கையும் பிடுங்கி, "இது சாமிக்கு ஒதவாது" என்று அவளிடமே திருப்பிக் கொடுத்துவிட்டார்.

பிரகாஷுக்கு அங்கிருந்தே போன் செய்தேன். "தம்பி, கேப்டனுக்கு வலது கை இல்லைங்க. எனக்கும் சரியில்லைங்க, மூணு மாசமா நடுங்குது, சொல்லாம இருந்துட்டேன்" என்றேன். அவர் "கையில்லாமயே அனுப்புங்கண்ணா, கொண்டுபோறேன்" என்றார்.

மறுநாள் காலை நல்ல வெயில். கேப்டனின் தோளில் கம்பிக்குத் துளைத்த ஓட்டையை அடைத்து, வெட்டுப்பட்ட இடத்துக்கு வர்ணம் அடிக்க வேண்டியிருந்தது. சிவசக்தி ஒரு கையால் பொம்மையைப் பிடித்துக்கொண்டாள், இன்னொரு கையால் என் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டாள். "இந்தப் பக்கமுங்களா? இன்னும் கீழயா?" என்று கேட்டுக் கேட்டுப் பிடித்தாள். பத்து நிமிஷ வேலை ஒன்றரை மணி நேரம் ஆனது. முடித்துவிட்டு எட்டி நின்று பார்த்தோம். கேப்டன் கையில்லாமல் குனிந்து நிற்கிறார். கீழே கிடக்கிறவன் கையை மேலே தூக்கியிருக்கிறான். யார் யாரைத் தாங்கப் போகிறார்கள் என்று எனக்குக் குழப்பமாக இருந்தது. சாதிக் பாஷா பெட்டியைக் கட்டி பெங்களூர் பஸ்ஸில் போட்டுவிட சேலத்துக்குக் கொண்டுபோனார். திருடன் என்று கேட்டதற்கு மன்னிப்புக் கேட்க வாயெடுத்தேன். "விடுங்கண்ணா, பஸ்ஸுக்கு நேரமாச்சு" என்று கிளம்பிவிட்டார். திங்கட்கிழமை எங்களைச் சேலம் ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போவதாகச் சொல்லியிருந்தார்.

ஞாயிற்றுக்கிழமை காலை நான் ஜன்னலோரம் உட்கார்ந்திருந்தேன். சிவசக்தி காபிப் பாத்திரத்தோடு வந்து, டம்ளருக்கு மேலே அதைப் பிடித்துக்கொண்டு, ஊற்றாமல் நின்றாள்.

"எவ்வளவு ஊத்தட்டுங்க?" என்றாள். மூன்று மாதத்தில் முதல் தடவையாகக் கேட்டாள்.

"பாதி போதும்" என்றேன்.